கோமா என்னுஞ் சொல்லும் நம் தமிழும்

நோய்களைக் குறிக்குஞ் சொற்களுட் சில வைத்தியருடைய ஏட்டோடு நின்றுவிடுவன. சில ஊர் வாயிற் புகுந்து உலாவுவன. ‘கோமா’ என்பது பின்னைய வகையைச் சார்ந்தது. மீன் சந்தையிலும், கோயில் வீதியிலும், பஸ் நிலையத்திலும் ‘அவர் கோமாவிலே கிடக்கிறார்’ என்று பேசக் கேட்கின்றோம். பேசுவோரை நிறுத்தி, ‘கோமா என்றால் யாது?’ என வினவின், ஒருவர் நீண்ட உறக்கம் என்பார். ஒருவர் பாதிச் சாவு என்பார். இன்னொருவர், உயிர் இருக்கிறது, மூளை போய்விட்டது என்பார். மூன்று விடையும் மூன்று திக்கை நோக்குவன. மூன்றும் ஒருங்கே மெய்யாதல் எங்ஙனம்?

இஃது அகராதி புரட்டுவோர்க்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சியென எண்ணிவிடலாகாது. கட்டிலண்டை நிற்கும் தாயோ, மனைவியோ, மைந்தனோ சில வினாக்களுக்கு விடை கூறவேண்டியவராகின்றனர். நோயாளரை வேறூர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதா? தாலிக்கொடியை ஈடுவைத்துச் செலவு செய்வதா? உறுப்புக்களைப் பிறர்க்கு ஈய இசைவதா? இவ்வினாக்களுக்கு அவர்கள் எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு விடை பகர்கின்றனர்? அவசரத்தில் தம் செவியில் விழுந்த ஒற்றைச் சொல்லையே. அச்சொல் மூவேறு பொருளை ஒரு குடத்திற் கலந்து வைத்திருக்குமாயின், அவர்தம் விடையும் கலங்கியதாகவே இருக்கும். கோமா என்னுஞ் சொல்லைத் தமிழிலிருந்து துரத்தவேண்டும் என்பது என் கருத்தன்று. அச்சொல் ஒரு நிலையை மாத்திரமே குறித்தல் வேண்டும், ஏனைய நிலைகளுக்கு வேறு சொற்கள் வழங்குதல் வேண்டும், அவற்றை வைத்தியரும் பத்திரிகையாளரும் ஆசிரியரும் ஒருபடித்தாகக் கையாளுதல் வேண்டும் என்பதே என் கருத்து.

சொல்லின் பிறப்பு கிரேக்க மொழியில். அம்மொழியில் அதற்குப் பொருள் ஆழ்ந்த உறக்கம். அதனோடு ஒலியொத்த வேறிரு கிரேக்கச் சொற்களும் உள. ஒன்று வெட்டப்பட்ட துண்டு எனப் பொருள்படுவது. நாம் வசனத்தினிடையே இடும் ‘கமா’ என்னும் காற்புள்ளி அதன் வழிவந்தது. மற்றையது தலைமயிர் எனப் பொருள்படுவது. வால்வெள்ளியின் தலையைச் சூழ்ந்த ஒளிப்புகையை வானூலார் அப்பெயராற் குறிப்பர். மூன்றும் வேறு வேறு வேரின என்பதை அறியாது ஒன்றாக்கிக் கதை கட்டுவோர் உளராகலின் இதனைக் கூறினேன். நம் வகுப்பறையிலும் ஒரு கதை பிறந்ததுண்டு. பத்திரிகைச் செய்தியொன்றைப் படித்துக்கொண்டிருந்த மாணவனொருவன், ‘கோமாவில் உள்ளார்’ என்ற இடத்தில் நிறுத்தி, ‘ஐயா, இது கோமரங்கடவலையைச் சுருக்கி எழுதியதா?’ என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. நான் நகைக்கவில்லை. இடப்பொருளில் வரும் ஏழாம் வேற்றுமை உருபைக் கண்டு, அச்சொல்லை இடப்பெயரெனக் கொண்ட அவன் இலக்கணம் பிழையானதன்று. பொருள் விளங்காத சொல்லை ஊர்ப்பெயரென்று எண்ணாமல் வேறு என்னவென்று எண்ணுவான்?

கிரேக்கர் உறக்கம் என்று பெயரிட்டனர். எனினும் இந்நிலை உறக்கமன்று. உறங்குவானை எழுப்பலாம். அதற்கு நம் மலையடிவாரத்திலேயே சான்றுண்டு. சுவாமி மலையில் இராவணன் வெட்டைக் காட்டாமல் விருந்தினரை அனுப்பும் வழக்கம் நம்மூரார்க்கு இல்லை. அவ்விராவணனுடைய தம்பி கும்பகருணன் உறங்கிய உறக்கம் உலகறிந்தது. கம்பநாடர் அவனை எழுப்புதற்கு ஏவலர் பட்ட பாட்டை விரித்துரைக்கின்றார். எத்துணைப் பாடுபட்டும் இறுதியில் அவன் எழுந்தான், உண்டான், தமையனோடு அறம் பேசினான். ஆதலின் அஃது உறக்கம், மிகையான உறக்கம். அதே காவியத்தில் பிரமாத்திரத்தால் வீழ்ந்த இலக்குவனோ எவர் அழைத்தும் எழவில்லை. மருத்துமலையைப் பெயர்த்து வரவேண்டியதாயிற்று. இன்றைய வைத்தியநூலும் இந்த வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்கின்றது. அழைத்தாலும், உலுக்கினாலும், நகத்தை அழுத்தி நோவுண்டாக்கினாலும் கண் திறவாது, சொல்லுரையாது, ஏவலுக்கு அசையாது கிடக்கும் நிலையே கோமா. தலையில் அடிபடுதல், மூளையில் இரத்தம் கசிதல் அல்லது அடைபடுதல், ஈரல் செயலிழத்தல், நஞ்சுண்ணல், நீரில் மூழ்குதல் எனக் காரணங்கள் பல. இன்சுலின் ஏற்றிக்கொண்டு உணவு கொள்ளாதிருந்த நீரிழிவு நோயாளர், குருதியிற் சர்க்கரை தாழ்ந்து இந்நிலையுறுவதும் உண்டு; குளுக்கோசை உரிய காலத்தில் நாளத்தில் ஏற்றியவுடன் அவர் சில நிமிடங்களில் எழுந்து, ‘ஏன் எல்லாரும் கூடி நிற்கிறீர்கள்?’ என்று கேட்பார். அவரும் கோமாவில் இருந்தவரே. கோமா என்றவுடன் ஒப்பாரிக்கு ஆயத்தமாவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

இனி, நம்மிடத்துள்ள சொற்களை நோக்குவோம். தமிழ் இவ்விடயத்தில் ஏழையன்று. செல்வம் மிகுந்து அடுக்கி வைக்கப்படாத வீடு போன்றது. துஞ்சுதல் என்பது உறங்குதலையும் இறத்தலையும் ஒருங்கே குறித்தது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் குளமுற்றத்தில் நித்திரை கொண்டவனல்லன், அங்கே உயிர்நீத்தவன். சாவை நேரே சொல்லக் கூசிய நம் முன்னோர் உறக்கச் சொல்லை மேலே போர்த்தனர். இம்மங்கல வழக்கு இலக்கியத்திற்கு அழகு, வைத்தியசாலைக்கு ஆகாது. ‘நன்றாக நித்திரை கொள்கிறார்’ என்று சொல்லி வீட்டாரை அனுப்பிவிடும் பரிவு, மறுநாட் காலையில் அவர்கள் நெஞ்சிற் கல்லாய் விழும். ‘ஆழ்துயில்’ என்று மொழிபெயர்ப்போர் உளர். செவிக்கு இனிய சொல்லாயினும் நான் அதற்கு உடன்படேன். துயிலென்று பெயரிட்டால் விடியும்போது எழுவார் என்ற நம்பிக்கையையும் கூடவே கொடுத்துவிடுகின்றோம்.

மயக்கம் என்பது இன்னும் விரிந்த பொருளுடையது. வெயிலில் நின்று தலைசுற்றினும் மயக்கம், கள்ளுண்டாலும் மயக்கம், சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியர் தருவதும் மயக்க மருந்து. இலக்கணம் கற்பிப்போர்க்கு மெய்ம்மயக்கமும் வேற்றுமை மயக்கமும் திணைமயக்கமும் வேறு உள. ஆங்கெல்லாம் கலத்தல் என்பதே பொருள். இத்துணைப் பொருள் சுமந்த சொல்லுக்கு ‘ஆழ்’ என்ற அடையைச் சேர்த்து ‘ஆழ்மயக்கம்’ என ஆக்கினால் அது கோமாவுக்கு ஏற்றதாகின்றது. மேலெழுந்த மயக்கம் தானே தெளியும். ஆழ்ந்தது தெளியாது என்னும் வேறுபாட்டைச் சொல்லே உணர்த்தும். நம் ஊர்வழக்கில் ‘நினைவு தப்பிப்போயிற்று’ என்பதும் செவ்வியதே. கடலட்டைக்கும் சங்குக்கும் ஆழஞ்சென்று விரைந்து மேலெழுந்த குளிகாரர், தெருவில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்த இளைஞர் ஆகியோரைப் பற்றி ஊரார் முதலிற் சொல்வது இதுவே. ‘சேடம் இழுக்கிறது’ என்று சொல்லின் நிலை வேறு. சாவு வாயிலில் நிற்கும் மூச்சை அது குறிக்கும். எழுத்தறியாப் பாட்டிமாரும் இவ்விரண்டையும் மாறிச் சொல்லியதை நான் கேட்டதில்லை.

வடமொழி வைத்தியநூலார் இன்னும் நுணுகினர். சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து 24 ஆம் அத்தியாயம் மதம், மூர்ச்சை, சந்நியாசம் என மூன்று படிகளை வகுக்கின்றது. முன்னைய இரண்டும் அவற்றின் வேகம் தணிந்தபின் தாமே தெளியும். சந்நியாசம் மருந்தின்றித் தெளியாது. துறவுக்கு வழங்கும் பெயரே இந்நோய் நிலைக்கும் வழங்கியமை வியப்பன்றோ! புலன்கள் யாவும் உலகை விட்டு ஒதுங்கினமையாற் போலும். காய்ச்சல் முற்றிப் பிதற்றும் நிலைக்குச் சன்னி என்று வேறு பெயர் இருந்தது. சிங்கள மக்கள் சன்னிகளைப் பதினெட்டாக வகுத்து, அவற்றுக்கு முகமூடியிட்டு ஆடும் வழக்குமுண்டு. மலேரியா மூளையைத் தாக்கி நினைவு தப்பச் செய்த காலம் நம் மாவட்டத்து முதியோர்க்கு மறக்கவில்லை. 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நோய் போயிற்று, அதனோடு சன்னி என்னுஞ் சொல்லும் மங்கி வருகின்றது. ஆக, படிப்படியாக வேறுபடுத்திப் பெயரிடும் பழக்கம் நமக்குப் புதிதன்று. இழந்த பழக்கத்தை மீட்பதே நம் வேலை.

இவ்வேலையைத் தொடங்கியோரும் இலங்கையிலேயே இருந்தனர். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய பெருநூல்களை அவரும் அவர்தம் மாணாக்கரும் தமிழாக்கினர். தமிழ்ச்சொல் கிடைப்பின் அதனைக் கொள்வது, இன்றேல் வடசொல்லைக் கொள்வது, அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய ஏற்பது என்பது அவர் கைக்கொண்ட முறை. ‘கெமிஸ்தம்’ என்ற பெயரே மூன்றாம் வகைக்கு உதாரணம். இம்முறையிலே ‘கோமா’வுக்கும் இடமுண்டு, ‘ஆழ்மயக்க’த்துக்கு முதலிடம் உண்டு. மற்றொருவர் நம் கல்லூரியின் அதிபராக வீற்றிருந்த விபுலாநந்த அடிகள். 1936 ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. அறிவியல் கற்ற துறவி, தமிழ்ப் பேராசிரியர், சொல்லாக்கத் தலைவர் எனும் மூன்றும் ஒருவரிடத்துப் பொருந்தியிருந்த நற்காலம் அது. அவர் நடந்த தாழ்வாரத்திலே நடக்கும் நமக்கு, ஒரு கட்டிலண்டை வழங்கும் நாலைந்து சொற்களையேனும் ஒழுங்குபடுத்துங் கடமை இல்லையா?

கடமை இன்னதென்று தெளிவதற்கு, வைத்தியர் ஆழ்மயக்கத்தை அளக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். 1974 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து ஆசிரியர்களான ரீஸ்டேல், ஜெனற் என்னும் இருவர் வகுத்த அளவையே உலகெங்கும் வழக்கிலுள்ளது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என உச்சப் புள்ளி 15. எட்டும் அதற்குக் கீழும் ஆழ்மயக்கம். கீழெல்லை 3, பூச்சியம் வழங்குவதில்லை. பரீட்சையில் மாணவர்க்குப் பூச்சியம் வழங்கக் கூசும் ஆசிரியர் யாரோ இதனை வகுத்திருக்க வேண்டும் என்று நகையாடுவேன். நகை நிற்க. இவ்வளவையில் மொழிக்குள்ள இடத்தை நம்மவர் எத்தனை பேர் எண்ணிப்பார்த்தனர்? தான் யார், இருக்குமிடம் யாது, காலம் யாது என்று தெளிவாகச் சொன்னாற்றான் பேச்சுக்கு 5. ‘கையைத் தூக்கு’ என்ற ஏவலைச் செய்தாற்றான் அசைவுக்கு 6. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த, தமிழன்றி வேறறியாத மூதாட்டியை அவருக்கு விளங்காத மொழியில் வினவினால், தெளிந்த அறிவோடிருப்பினும் அவர் புள்ளி இழப்பார். நல்ல வைத்தியர் இதனை அறிவர். தாதியரையோ உறவினரையோ அழைத்து நோயாளரின் மொழியில் வினவச் செய்வர். நள்ளிரவில், நெரிசல் மிக்க விடுதியில் எல்லா வேளையும் அது கைகூடுமா? நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இருமொழியும் கற்கவேண்டும் என்பதற்கு அரசியலார் கூறும் காரணங்கள் பல. எனக்கு இந்த 5 உம் 6 உம் போதும்.

சொற்குழப்பத்தால் விளையும் பெருங்கேடு இனி வருவது. ஆழ்மயக்கம் பெரும்பாலும் சில நாட்களுக்கோ, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கோ மேல் நீடிப்பதில்லை. அதன்பின் நோயாளர் தெளிவார்; அன்றி இறப்பார்; அன்றி வேறொரு நிலையை அடைவார். அந்நிலையில் கண் திறக்கும், மூடும். உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். ஆயினும் உணர்வு உண்டென்பதற்கு அறிகுறி காணப்படாது. முற்கூறிய ஜெனற் என்பவரே பிளம் என்னும் மற்றொரு வைத்தியரோடு 1972 இல் இதற்குப் பெயரிட்டார். அவர் இட்ட பெயரை நம்மவர் ‘தாவர நிலை’ என்று மொழிபெயர்த்தனர். ஒரு தாயின் முன் நின்று, ‘உன் மகன் தாவரமாகிவிட்டான்’ என்று எவன் சொல்வான்? மேலைநாட்டாரே அப்பெயரின் கொடுமையுணர்ந்து, 2010 ஆம் ஆண்டில், எதிர்வினையற்ற விழிப்பு எனப் பொருள்படும் பெயரொன்றை முன்மொழிந்தனர். நாம் அவர் கைவிட விழையும் சொல்லைப் பெயர்த்துக்கொண்டிருத்தல் வீண். ‘உணர்விலா விழிப்பு’ என்போம்.

மும்பையில் தாதியாய்ப் பணிபுரிந்த அருணா சான்பாக் 1973 ஆம் ஆண்டு நவம்பரிற் கொடியவனொருவனாற் தாக்கப்பட்டு மூளை சேதமுற்று, 2015 ஆம் ஆண்டு மே மாதம் உயிர்நீத்தார். அத்துணைக் காலமும் அவரைப் பேணியோர் அவ்வைத்தியசாலைத் தாதியரே. அவர் பொருட்டு எழுந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2011 இல் வழங்கிய தீர்ப்பு, அவர் நிலையை நுணுகி ஆராய்ந்து, அது கோமா அன்று என வேறுபடுத்தியே பேசிற்று. பத்திரிகைகளோ ‘42 ஆண்டு கோமா’ என்று எழுதின. அத்தலைப்பைப் படித்தவர், தம் வீட்டில் ஒருவர் ஆழ்மயக்கமுறின், நாற்பதாண்டுக் கட்டிலையே கற்பனை செய்வார். அல்லது, நாற்பதாண்டு சென்றும் எழக்கூடும் என நம்புவார். இரண்டும் தவறு.

மூன்றாவது நிலை மூளைச்சாவு. இதுவே மிகவும் குழம்பிக் கிடப்பது. வைத்தியரும் இதிற் பங்காளிகளே. 1968 ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழகக் குழுவினர் இதனை வரையறுத்தபோது ‘மீளாக் கோமா’ என்றே தலைப்பிட்டனர். மூளை முழுவதும், மூச்சை இயக்கும் மூளைத்தண்டு உட்பட, மீளாதவாறு அழிந்துவிட்டது; பொறி மூச்சை ஊட்டுகின்றது; இதயம் சிறிது காலம் துடிக்கின்றது. உடல் இளஞ்சூடாயிருக்கும், மார்பு எழுந்து தாழும். இதனைக் கண்ட உறவினர் ‘கோமாதானே, எழும்புவார்’ என்கின்றனர். அவரைக் குறைகூற நான் நாவெடேன். கண் காண்பது அதுவே. எனினும் சட்டமும் வைத்தியமும் அதனைச் சாவென்றே கொள்வன. நம் நாட்டில் மனித இழையங்களை மாற்றி நடுதல் பற்றிய 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் இந்நிலைக்கு இடம் வகுத்துள்ளது. தமிழ்நாட்டிலே 2008 ஆம் ஆண்டில் விபத்தால் மூளைச்சாவுற்ற ஹிதேந்திரன் என்னும் இளைஞனின் பெற்றோர், தாமும் வைத்தியராதலின் நிலையை ஐயமற உணர்ந்து, மகனுடைய உறுப்புக்களை ஈந்தனர். அதன்பின்னர் ‘மூளைச்சாவு’ என்ற சொல் அந்நாட்டில் வீடுதோறும் பரவியது. சொல்லிற் ‘சாவு’ என்று இருப்பதே அதன் வலிமை. மயக்கமென்றோ உறக்கமென்றோ மெல்லென மூடியிருப்பின், ஈந்தோரும் ஐயுற்றிருப்பர், ஈயாதோரும் ஐயுற்றிருப்பர்.

இம்மூன்றோடும் சேராத ஒரு நிலையும் நம் வன்னிக்காட்டு ஓரங்களிலும் தம்பலகாமத்து வயற்புறங்களிலும் வாழ்வோர் அறியவேண்டியது. உலர்வலயத்திற் கட்டுவிரியன், இரவில் தரையிற் பாய்விரித்து உறங்குவோரைத் தீண்டுவது. கடிவாயில் நோவும் வீக்கமும் பெரும்பாலும் இரா. நஞ்சு தசைகளைக் கட்டிப்போடும், இமை தாழும், நா எழாது, மூச்சு நிற்கும். பொறியில் வைத்துக் காப்பின் பலர் முற்றாகத் தேறுவர். அதுவரை அசைவற்று, கண்மணியும் ஒளிக்குச் சுருங்காது கிடக்கும் அவரை ஆழ்மயக்கமுற்றவரென்றும், மூளைச்சாவுற்றவரென்றுமே பிறர் எண்ணுவர். அவரோ அறிவோடிருப்பார், சூழ நிற்போர் பேசுவதெல்லாம் கேட்பார். காணிப் பங்கீட்டை அங்கே நின்று பேசும் சுற்றத்தார் கவனிக்க! நஞ்சில்லாதவிடத்தும் இத்தகைய வியப்பு நிகழ்ந்ததுண்டு. உணர்விலா விழிப்பில் உள்ளாரெனக் கருதப்பட்ட பெண்ணொருத்தி, தெனிஸ் ஆடுவதாக மனத்தில் எண்ணுமாறு சொன்னபோது, அவள் மூளை நலமுள்ளோர் மூளை போலவே தொழிற்பட்டமையை ஓவன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 2006 இல் வெளியிட்டனர். ஆதலின், எந்நிலையாயினும் நோயாளர் அருகில் நின்று அவர் கேட்பது போலவே பேசுதல் தகும்.

‘பொருளாதாரம் கோமாவிற் கிடக்கிறது’, ‘சங்கம் கோமாவுக்குப் போய்விட்டது’ என எழுதும் பேனைகளுக்கும் ஒரு சொல். உருவகத்திற்கு உறங்குகிறது, முடங்கிற்று, செயலற்றது என எத்தனையோ உள. விடுதி வாயிலில் விழித்திருப்போர் கையிலுள்ள ஒரே சொல்லை வாங்கி விளையாட வேண்டுவதில்லை.

நம் கல்லூரியிற் கற்று வைத்தியராய்த் தாதியராய் விளங்கும் பழைய மாணவர் பலர். அவர்களும் தமிழ்ப் பகுதியாரும் இந்த விழாவாண்டிலே கூடி, ஒரே தாளில் அடங்கும் சொல்லேடொன்றை ஆக்கலாம். மயக்கம், ஆழ்மயக்கம் அல்லது கோமா, வைத்தியர் மருந்தால் வருவித்த ஆழ்மயக்கம், உணர்விலா விழிப்பு, சிற்றுணர்வு நிலை, மூளைச்சாவு என்னும் ஆறுக்கும் இவ்விரண்டு வரி விளக்கம். எதிர்ப்புறத்திற் சிங்களத்தில் அதுவே. வீட்டார் வைத்தியரிடம் கேட்கத்தக்க வினாக்களும் அதில் இருக்கட்டும்: தானாக மூச்சு விடுகிறாரா? கண் திறக்கிறாரா? சொன்னதைச் செய்கிறாரா? இவற்றுள் எந்நிலை? அச்சேறுமுன் அதனை முதலிற் படித்துக்காட்ட வேண்டியவர் பண்டிதரல்லர். மீன் சந்தையிற் கூடை இறக்கும் அம்மையார் ஒருவரிடம் கொண்டு செல்வோம். ‘இதென்ன சொல், தம்பி?’ என்று அவர் கேட்குமிடங்களை அடித்துத் திருத்தியபின் அச்சகத்துக்குக் கொடுப்போம்.